ஒன்றும் பெறாமல்

வீடு வாங்க வந்திருப்பவரின் வக்கீல் போன வாரம் கூப்பிட்டார். வில்லங்கம் பார்த்தாயிற்று, பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது, 1971 கிரயப் பத்திரத்தின் அசல் இருக்கிறது, வாரிசுச் சான்றிதழ் சரி, வீட்டு வரி ரசீதும் சரி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். "ஒண்ணே ஒண்ணுதான் சார் உறுத்துது. உங்க அக்கா எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்துல 'ஒன்றும் பெறாமல்'னு போட்டிருக்கு. இப்படி யாரும் போட மாட்டாங்களே. யார் சார் எழுதினது?"

வீட்டில் தனக்கிருந்த பாகத்தை அக்கா எனக்கு விட்டுக்கொடுத்த பத்திரம் அது. எழுதியது பத்திர எழுத்தர். எழுதச் சொன்னது அக்கா. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது நான். இதை வக்கீலிடம் சொல்லவில்லை. குடும்ப விஷயம் சார் என்று மழுப்பினேன். அவர் விடுவதாக இல்லை. பிரதிபலன், அதாவது பதிலுக்குப் பணமோ பொருளோ, இல்லாமல் எழுதிய விடுதலைப் பத்திரமும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது, அது எனக்கும் தெரியும், ஆனால் என் கட்சிக்காரருக்குப் பயம் என்றார். நாளைக்கு உங்கள் அக்காவோ அவர் பிள்ளைகளோ வந்து, ஒன்றும் கொடுக்காமல் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டால் யார் கோர்ட்டுக்கு அலைவது? அதனால் கிரயப் பத்திரத்தில் அக்காவும் ஒரு சம்மதக் கையெழுத்துப் போட்டுவிடட்டும். அரை நாள் வேலைதான் சார்.

அந்த அரை நாள் வேலைக்காக அக்காவைக் கூப்பிட ஆறு நாளாக ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அந்த ஆறு நாளில் மனதில் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். சொத்து விஷயமாக ஆலோசனை தேடி இதைப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும், நல்ல வக்கீலைப் பாருங்கள்.

வீடு கும்பகோணத்தில், மேலக்காவேரிப் பக்கம். முப்பது அடி முகப்பு, நூற்றுப் பத்து அடி நீளம். திண்ணையில் நின்று பார்த்தால் ரேழி, முற்றம், கூடம், அடுப்படி எல்லாம் தாண்டிக் கொல்லைக் கிணற்றுச் சகடை வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். சின்ன வயதில் இரவு கொல்லைக்குப் போகப் பயந்தால் அக்கா கூடத்து நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள், குரல் கேட்கும் தூரம்தானே போ என்று. அப்பா 1971-ல் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. 2014-ல் அவர் போனபோது உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. 2019-ல் அம்மாவும் போனாள். கடைசி இரண்டு வருஷம் அவள் இருந்தது மன்னார்குடியில், அக்கா வீட்டில். நான் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை போய், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு அன்று ராத்திரியே பஸ் ஏறிவிடுவேன்.

2021 ஆரம்பத்தில், ரிட்டயர் ஆனதும் ஊரோடு வந்து இருந்துவிடலாம் என்று ஓர் ஆசை வந்தது. ஓடு மாற்ற வேண்டும், பின்கட்டை இடித்துக் கட்ட வேண்டும், வங்கியில் கடன் கேட்டேன். அப்பா பெயரில் இருக்கும் வீட்டுக்குக் கடன் தர முடியாது, மற்ற வாரிசு விட்டுக்கொடுத்து உங்கள் பெயருக்கு முழுதாக வரட்டும் என்றார்கள். மற்ற வாரிசு என்றால் அக்கா ஒருத்திதான். ஃபோன் போட்டு, "அக்கா, ஒரு கையெழுத்து வேணும், சும்மா ஃபார்மாலிட்டி" என்றேன். எப்போது வரணும் என்று மட்டும் கேட்டாள்.

ஃபார்மாலிட்டி. நினைத்துப் பார்த்தால் அந்த ஒரு சொல்தான் இத்தனைக்கும் காரணம்.

டீக்கடைச் சட்டம்

அக்காவுக்குக் கல்யாணம் ஆனது 1986-ல். எங்கள் சித்தப்பா இதை ஒரு பெரிய சட்ட நுணுக்கமாகவே சொல்லிக்கொண்டிருப்பார். "89-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கே கிடையாதுடா. அவகிட்ட கையெழுத்து வாங்கறதே ஒரு மரியாதைக்குத்தான்." ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நானும் நம்பினேன். நம்புவதற்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை.

சித்தப்பா சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சியில் வந்த திருத்தம், 1989 மார்ச் 25-லிருந்து மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே பிறப்புரிமை கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன்னால் கல்யாணமான பெண்களை அது சேர்க்கவில்லை. நாடு முழுமைக்கும் 2005 செப்டம்பர் 9-ல் வந்த திருத்தம் அந்தக் கல்யாணக் கோட்டையே எடுத்துவிட்டது. அன்றைக்குத் தகப்பன் உயிரோடு இருந்தால்தான் மகளுக்கு அந்த உரிமையா என்ற குழப்பத்தையும் வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. சரி, இவ்வளவும் பூர்வீகச் சொத்துக்கு. எங்கள் வீடு பூர்வீகமே இல்லை, அப்பா வாங்கியது. தகப்பன் தானாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்துபோனால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்று 1956 வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. மகளுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்று அது கேட்பதே இல்லை. அப்பாவுக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கு, அம்மாவுக்குப் பிறகு அவள் பங்கில் பாதி, ஆக மொத்தம் வீட்டில் சரிபாதி அக்காவுடையது.

அந்த 1956 சட்டத்திலேயே 23-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் பெண்ணுக்குப் பங்கு உண்டு, ஆனால் ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரித்துக்கொள்ளும்வரை அவள் பிரித்துக் கொடு என்று கேட்க முடியாது. கல்யாணமாகாதவள், விதவை, கணவன் கைவிட்டவள் அல்லது கணவனைப் பிரிந்து வந்தவள் என்றால் வந்து தங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். வாழ்க்கை நன்றாக இருக்கிறவளுக்கு வாசலோடு சரி. 2005-ல் இதைத் தூக்கிவிட்டார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போய்விட்டதே தவிர, எங்கள் வீட்டுக் கூடத்தை விட்டுப் போகவில்லை. பண்டிகைக்கு வந்தால் அக்கா பெட்டியைக் கூடத்து மூலையில்தான் வைப்பாள். அறைக்குள் கொண்டுபோய் வைத்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் பத்திரம் எழுதுவதற்கு நான்கு நாள் முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. சான்றிதழ்களைக் கொடுக்கப் போனபோது பத்திர எழுத்தரே பேச்சோடு பேச்சாக, "அக்கா பாகம் அரைன்னு போட்டுடறேன் சார், ஸ்டாம்ப் அதுக்குத்தான் வரும்" என்றார். அரையா என்று கேட்டேன். பின்னே என்றார். அன்றைக்கு ராத்திரி அக்காவிடம் ஃபோனில் பேசினேன். மழை, அத்தானின் சுகர், பேத்தியின் பள்ளிக்கூடம் எல்லாம் பேசினோம். அரை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

எழுதிக்கொடுத்த பத்திரம் என்னவென்றால்

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் தகரக் கொட்டகை. ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர், பசைக் குப்பி, மைப் பெட்டி, சாமி படம். எல்லோரும் மாஸ்க் போட்டிருந்த காலம். அக்கா அத்தானோடு காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். எழுத்தர் அச்செடுத்த தாள்களை நீட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் கையெழுத்துப் போடுங்கம்மா என்றார். இவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

எழுத்தருக்கு ஆச்சரியம். எனக்கும்தான். ஆனால் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கக் கூடாது. அக்கா சத்துணவு அமைப்பாளராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். அரிசி இத்தனை கிலோ, பருப்பு இத்தனை, முட்டை இத்தனை, சாப்பிட்ட பிள்ளைகள் இத்தனை பேர் என்று தினம் தினம் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள். மேலிருந்து ஆய்வுக்கு வந்தால் ஒரு முட்டை குறைந்தாலும் இவள்தான் பதில் சொல்ல வேண்டும். தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அது என் பழக்கம்.

"மனப்பூர்வமாய் சம்மதித்து எழுதிக்கொடுத்த பாத்தியதை விடுதலைப் பத்திரம் என்னவென்றால்" என்பதைத் தாண்டி, அப்பா பெயர், அம்மா பெயர், இறந்த தேதிகள் எல்லாம் தாண்டி ஓரிடத்தில் விரலை வைத்தாள். "பிரிபடாத அரை பாகம்." வாய்க்குள்ளேயே இரண்டு தடவை சொன்னாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பாதியா?"

நான் தலையாட்டினேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் குனிந்து படித்தாள். அடுத்த பக்கத்தில் விரல் மறுபடி நின்றது. இந்த வாக்கியத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெண்கள் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரங்களில் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். எனக்குச் சேர வேண்டிய பாகத்துக்கு ஈடாக நகையாகவும் ரொக்கமாகவும் சீர்வரிசையாகவும் முன்னமேயே பெற்றுக்கொண்டுவிட்டபடியால், மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை.

"இது எதுக்கு?" என்றாள்.

"எல்லாப் பத்திரத்துலயும் இருக்கறதும்மா. கம்ப்யூட்டர்லயே ரெடியா இருக்கும். பேரு, தேதி மட்டும் மாத்துவோம்."

"நான் வாங்கலையே."

"உங்க கல்யாணத்துக்கு நகை போட்டிருப்பாங்கல்ல?"

"பதினஞ்சு பவுன் போட்டாங்க. அது கல்யாணத்துக்குப் போட்டது. வீட்டுக்கு ஈடா போட்டதுன்னு அப்பா எங்கயும் சொல்லலையே." இதை எழுத்தரிடம்தான் சொன்னாள். அடுத்ததை என் பக்கம் திரும்பிச் சொன்னாள், சத்தம் போடாமல், சந்தேகம் கேட்பது போல. "உன்னை இன்ஜினியரிங் படிக்க வெச்சாரே, அந்த ஃபீஸை எல்லாம் எந்தப் பத்திரத்துலயாவது எழுதினாங்களா தம்பி?"

1984-ல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் ஆரம்பித்தன. நான் சேர்ந்தது 88-ல். அப்பா கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டினார். அந்தக் கடனைக் கட்டி முடிக்க அவருக்கு எத்தனை வருஷம் ஆனது என்று நான் கேட்டதே இல்லை. பெண்ணுக்குச் செய்தது செலவு, அதற்கு ரசீது உண்டு, முப்பத்தைந்து வருஷம் கழித்தும் பத்திரத்தில் கழித்துக்கொள்ளலாம். பையனுக்குச் செய்தது கடமை, அது எந்தக் கணக்கிலும் ஏறாது. இதை நான் அந்தக் கொட்டகையில் யோசித்தேன் என்று சொன்னால் பொய். அங்கே எனக்கு இருந்த ஒரே கவலை டோக்கன் நேரம் தாண்டிவிடுமோ என்பதுதான்.

அத்தான் வெளியே டீ குடிக்கப் போய்விட்டார். மனுஷருக்குச் சில நேரம் எப்போது எழுந்து போக வேண்டும் என்று தெரியும்.

சரிம்மா, என்னதான் போடணும் என்று கேட்டார் எழுத்தர். அக்கா பேனாவை வாங்கி அந்த வாக்கியத்தின் முன்பாதியை ஒரே கோட்டில் அடித்தாள். பதிவேட்டில் தவறு வந்தால் அடிப்பது போல, கீழே இருக்கிற எழுத்து தெரியும்படி. மேலே சின்னதாக எழுதினாள்: ஒன்றும் பெறாமல். "விட்டுக்கொடுக்கறேன். அதுல ஒண்ணும் இல்ல. ஆனா வாங்கிட்டேன்னு எழுதினா கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள்.

எழுத்தர் அதையே தட்டச்சு செய்து புதிதாக அச்செடுத்தார். இருபது நிமிஷம் ஆனது. உள்ளே போனோம். மாஸ்க்கை இறக்கிப் போட்டோ எடுத்தார்கள். கைரேகை வைக்கச் சொன்னார்கள். அடுப்பிலும் பாத்திரத்திலும் தேய்ந்த கை, மெஷின் இரண்டு தடவை எடுக்கவில்லை, புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மூன்றாம் தடவை வைத்தாள். சம்மதத்தோடுதானே எழுதிக்கொடுக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். ஆமாம் என்றாள். குடும்பத்துக்குள் விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கு அப்போது முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், எவ்வளவு பெரிய சொத்தானாலும் 25,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 4,000. இதே பாகத்தை அவளிடம் நான் விலைக்கு வாங்கியிருந்தால் தீர்வையும் கட்டணமும் சேர்ந்து பதினொரு சதவீதம். 2023 ஜூலையில் இந்த உச்சவரம்புகளை 40,000, 10,000 என்று உயர்த்தினார்கள். இருந்தாலும் மலிவுதான். சகோதரிகள் விட்டுக்கொடுப்பதற்கு அரசாங்கமே தள்ளுபடி வைத்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன். எழுதிக்கொடுத்தவர் என்ற கட்டத்தில் அவள் பெயர், எழுதி வாங்கியவர் என்ற கட்டத்தில் என் பெயர்.

விற்கிறேன் என்று சொல்வது

ஊரோடு வந்து இருக்கவில்லை. கடன் வாங்கிப் பதினோரு லட்சம் செலவழித்து ஓடு மாற்றி, பின்கட்டை எடுத்துக் கட்டி, இரண்டு பொங்கலுக்குப் போய்த் தங்கியதோடு சரி. மனைவிக்குச் சென்னை மருத்துவமனைகளை விட்டு வர மனதில்லை, மகள் பெங்களூரில். பூட்டிய வீட்டில் கொல்லைக் கதவை யாரோ நெம்பிப் பார்த்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஃபோன் செய்ததும் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். எழுபத்திரண்டு லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது. அக்காவிடம் விற்கப்போவதைச் சொன்னேன். தொகையைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அரையைச் சொல்லாமல் விட்ட அதே வாய்தானே.

இப்போது நியாயம் பேசுவது சுலபம், பாதியைக் கொடுத்துவிடு என்று. நானும் அப்படித்தான் நினைத்து ஆடிட்டரிடம் போனேன். அவர் சொன்னதைக் கேட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீடு முழுக்க உங்கள் பெயரில் இருப்பதால் மூலதன ஆதாய வரி முழுக்க உங்கள் தலையில்தான் சார். 2001 ஏப்ரல் 1-ம் தேதி மதிப்பை அடக்க விலையாக வைத்து, 12.5 சதவீதமா, பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதமா, எது குறைவோ அது. ஐம்பது லட்சத்துக்கு மேல் போவதால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் பிடித்துத்தான் கொடுப்பார். "அக்காவுக்குக் கொடுங்க, தாராளமா. கூடப் பிறந்தவங்கங்கறதால அவங்களுக்கு வரி கிடையாது. அது கிஃப்ட்."

கிஃப்ட். அவளுடையதை அவளிடம் திருப்பிக் கொடுத்தால் அது நான் கொடுக்கும் அன்பளிப்பு. 2021-ல் அவள் எனக்குக் கொடுத்தது வெறும் ஃபார்மாலிட்டி.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி கேட்டதும் தப்பில்லை. பதினோரு லட்சத்தை யார் போட்டது, இன்னும் ஓடுகிற கடன் யாருடையது, நான்கு வருஷ வீட்டு வரி, வெள்ளையடிப்பு? சரி, அதைக் கழிக்கலாம். அப்படியென்றால் அம்மா இருந்த இரண்டு வருஷத்தையும் கூட்ட வேண்டும். டயாப்பர், ஃபிசியோதெரபி, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்தது. ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் என் பக்கம் வரவு வைக்கலாமா? ஒரு நோட்டில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் போகவில்லை. அக்கா எழுதியிருந்தால் முழுப் பக்கமும் நிரப்பிக் கீழே கூட்டுத்தொகை போட்டிருப்பாள்.

ஆறாவது நாள் வக்கீல் வரைவுப் பத்திரத்தை அனுப்பிவிட்டார், வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டாயிற்று என்ற செய்தியோடு. இனிமேல் தள்ள முடியாது. கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் குக்கர் விசில். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அக்கா, எழுபத்திரண்டு லட்சத்துக்குப் பேசியிருக்கு. வாங்கறவங்க உன் கையெழுத்தும் வேணுங்கறாங்க. நீ அன்னிக்கு எழுதின வார்த்தை அவங்களுக்கு இடிக்குதாம்."

"எந்த வார்த்தை?"

"ஒன்றும் பெறாமல்."

சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன், குக்கர் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. "உண்மையைத்தானே எழுதினேன்" என்றாள். நீ எப்போதடா சொல்வாய் என்று காத்திருந்தேன் என்பது போலவோ, கோபமாகவோ, எதுவும் இல்லை. வியாழக்கிழமை எத்தனை மணிக்கு, மதியச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு, பேத்தியை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று கேட்டாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"இந்தத் தடவை என்ன எழுதியிருக்காங்க?"

சம்மதம்னு போட்டிருக்கும் அக்கா என்று இழுத்தேன். உண்மையில் வக்கீல் இந்த முறை உஷாராக, விடுதலைப் பத்திரத்துக்கு உரிய பிரதிபலனையும் சகோதரி பெற்றுக்கொண்டுவிட்டார் என்று ஒரு பத்தியைச் சேர்த்திருந்தார்.

"வாட்ஸ்அப்புல அனுப்பு. படிச்சுட்டுத்தான் பஸ் ஏறுவேன்" என்றாள். "வாங்கிட்டேன்னு எழுதியிருந்தா, எவ்வளவுன்னும் எழுதச் சொல்லு."

வக்கீலிடம் சொன்னேன். எதற்கு சார் வம்பு என்றார். அவள் அப்படித்தான் கையெழுத்துப் போடுவாள் என்றேன். கொஞ்சம் முனகிவிட்டுப் பத்தியைத் திருத்தி அனுப்பினார். சகோதரி வங்கிக் காசோலை மூலமாக ரூபாய் என்று போட்டு, ஒரு நீளக் கோடு. தொகையைப் புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் சார், பிரிண்ட் போட வேண்டும் என்றார். இன்று திங்கள்.